சட்டை போட்ட கேக்

இரண்டாவது முறையும் கிழிந்தபோது மணி பதினொன்று இருபது. கேக்கின் மேல்விளிம்பில், மனிதனுக்கென்றால் தோள்பட்டை என்று சொல்லும் இடத்தில், ஃபாண்டன்ட் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் மெல்ல நீண்டு, மெலிந்து, என் கண் முன்னாலேயே வாயைப் பிளந்தது. உள்ளே பூசியிருந்த வெண்ணெய் க்ரீம் எட்டிப் பார்த்தது. நான் இருபத்திரண்டு வருஷமாகத் துணி வெட்டுகிறவன். கோட்டு, கவுன், பள்ளிச் சீருடை, திரைச்சீலை எல்லாம் தைத்தாயிற்று. ஒரு தடவை நாடகக்காரர்களுக்கு நான்கு கால் வைத்து ஒரு குதிரைகூடத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். எந்தத் துணியும் என் கையில் இப்படிக் கிழிந்ததில்லை. கிழிந்தாலும் ஒட்டுப் போட்டுவிடுவேன், போட்ட இடம் எனக்கே அப்புறம் தெரியாது. இந்தச் சனியனுக்கு ஒட்டுப் போட்டால் ஒட்டு மட்டும்தான் தெரிகிறது.

ஃபாண்டன்ட் என்பது வேறொன்றுமில்லை, சர்க்கரையில் பிசைந்த மாவு. சில பிறந்தநாள் கேக்குகள் இஸ்திரி போட்ட விரிப்பால் மூடியதுபோல வழவழவென்று இருக்குமே, அந்த மேல்தோல். மூன்று நாள் முன்புவரை எனக்கு அதன் பெயரே தெரியாது. கேக்கம்மாதான் சொன்னார். இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறவர், என் பழைய வாடிக்கையாளர். கேக்கைச் சுட்டு, க்ரீம் பூசி, வெள்ளையில் ஒரு உருண்டையும் நீலத்தில் ஒரு உருண்டையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அவரே கொண்டுவந்து கடையில் வைத்தார்.

"நானே போட்டுத் தர்றேனே டெய்லர். அரை மணி நேர வேலை."

"இல்லைங்க. நான்தான் போடணும். அப்படித்தான் கேட்டிருக்கா."

"மொதல் தடவையே யாருக்கும் வராது."

"துணி மாதிரிதானேங்க இருக்கு."

அவர் சிரித்தார். "துணி மாதிரி இருக்கும். ஆனா துணி இல்ல. அத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க."

நான் எங்கே மனதில் வைத்தேன். துணி என்றால் நமக்குத் தெரியாததா என்ற திமிர். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் எப்போதும் நீச்சல் தெரிந்தவனாகத்தான் இருப்பான். முதல் தடவை சாட்டின் துணி அளவுக்கு மெலிதாக உருட்டினேன், தூக்கும்போதே ஓட்டை விழுந்தது. இரண்டாம் தடவை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று சோள மாவை அள்ளித் தூவினேன், அது காய்ந்து, முழங்கைத் தோல் மாதிரி வரி வரியாக வெடித்து, இதோ கிழிந்தும் விட்டது. நாலு மணிக்கு நான் கேக்கோடு என் மச்சான் வீட்டில் இருக்க வேண்டும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் என்றால் மூன்று மணிக்குக் கடையைப் பூட்ட வேண்டும். ஸ்டூலில் உட்கார்ந்து, கையெல்லாம் பிசுபிசுப்போடு, அழுதுவிடலாமா என்று யோசித்தேன். நாற்பத்தாறு வயதில் மாவுக்காக அழுகிறவனை யாராவது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியதால் அழவில்லை.

கேட்டது என் மகள். நண்டு என்று கூப்பிடுவோம், தவழ்கிற வயதில் பக்கவாட்டிலேயே போவாள். இன்றைக்கு ஏழு வயது. போன வாரம் அவள் அம்மாவின் போனில் பேசினாள்.

"அப்பா, எங்க கிளாஸ்ல கண்ணாடி போட்ட பொண்ணு இருக்கால்ல, அவ பர்த்டேக்கு துணி போட்ட கேக்கு வெட்டினாங்க."

"துணியப் போட்டா எப்படிம்மா சாப்புடுவீங்க?"

"ஐயோ அப்பா, நெஜத் துணி இல்ல, இனிப்புத் துணி. எங்கப்பா டெய்லர், இதவிட சூப்பரா சட்டை தெச்சுப் போடுவாருன்னு சொல்லிட்டேன். அவ பொய்யின்னு சொல்றா."

"யாரு, நானா பொய்யி?"

"நீ இல்லப்பா, நான் சொன்னது. மூணு ஃப்ரில் வெக்கணும். என் நீல சட்டையில வெச்ச மாதிரி."

பிறகு போனை அவள் அம்மா வாங்கினாள். "நாலு மணிக்கு வாங்க" என்றாள். நான் வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். "நல்லபடியா முடியட்டும். அப்புறம் ஞாயித்துக்கிழமைல அவள உங்ககிட்ட அனுப்புறத பத்திப் பேசலாம்." எட்டு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை அது. ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரு சொல்லுக்காக மூன்று அடுக்கு என்ன, முப்பது அடுக்கு ஃப்ரில் வைப்பேன்.

எட்டு மாதக் கதையைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. பள்ளி விட்டதும் நண்டு நேராக என் கடைக்கு வந்துவிடுவாள். வெட்டுகிற மேசையின் மேல் ஏறி உட்கார்ந்து கலர் நூலெல்லாம் பிரித்துப் போட்டு வைப்பாள். ஒரு நாள் மேசையிலிருந்து குதித்தவள் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான் ஒரு கல்யாண கவுனின் நடுவில் இருந்தேன், மறுநாள் கொடுக்க வேண்டியது. குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பாக ஒரு புள்ளி. "ஒன்னுமில்ல, போ" என்றேன். மூன்று நாள் நொண்டினாள். வலிக்குது வலிக்குது என்று மூன்று நாளும் சொன்னாள். என் மனைவி கேட்டபோது, "நான் பாத்துட்டேன், ஒன்னுமில்ல, ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா" என்று நானே சொன்னேன். நாலாம் நாள் கால் வீங்கி, காய்ச்சல் கொதித்தது. படம் எடுத்துப் பார்த்தால் உடைந்த பாதி ஊசி உள்ளே நகர்ந்து நகர்ந்து எலும்புக்குப் பக்கத்தில் போயிருந்தது. இரண்டு தடவை அறுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் அண்ணன் வீட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என் மனைவி.

திட்டியிருந்தால் தேவலை. "ஊசி எல்லார் கையிலயும் தவறும்" என்றுதான் சொன்னாள். "அதுக்கு நான் எதுவும் சொல்லல. புள்ள வலிக்குதுன்னா நம்பணும். நீங்க நம்பல. உங்கள நம்பி நானும் நம்பல." நான் அன்றையிலிருந்து ஊசி எண்ண ஆரம்பித்தேன். ஒரு டப்பாவில் நாற்பது குண்டூசி. காலையில் கடை திறந்ததும் நாற்பது, பூட்டும்போது நாற்பது. எண்ணி முடிக்காமல் ஒரு நாளும் விளக்கை அணைத்ததில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது முறைதான் புத்தி வந்தது. முதலில் கையைக் கழுவினேன். கிழிந்ததையெல்லாம் ஒன்றாக்கி, கையில் துளி வெண்ணெய் தடவி, வெடிப்பெல்லாம் மறையும்வரை பிசைந்தேன். அளவெடுக்கிற இஞ்ச் டேப்பை எடுத்தேன். கேக்கின் குறுக்களவு ஒன்பது, உயரம் நாலு, இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினேழு, ஓரத்துக்கு ஒன்று விட்டால் பதினெட்டு. வெட்டுகிற மேசையில் பிளாஸ்டிக் விரித்து, திரைச்சீலை மாட்டுகிற குழாயைக் கழுவித் துடைத்து, அதையே உருட்டுக்கட்டையாக வைத்து, கோட்டுத் துணி கனத்துக்கு உருட்டினேன். அதே குழாயில் சுற்றித் தூக்கி, கேக்கின் மேல் மெதுவாக அவிழ்த்து விட்டேன். மேலே அழகாகப் படுத்தது. பக்கவாட்டில்தான் வட்டப் பாவாடை மாதிரி அலை அலையாக நின்றது. என் கை ஒவ்வொரு அலையையும் மடித்துப் பிடிப்பு வைக்கத் துடித்தது. மடிக்காதீங்க டெய்லர், தடவித் தடவிக் கீழ இறக்குங்க என்று கேக்கம்மா சொன்னதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உள்ளங்கையால் தடவினேன். ஒரு அலை அடங்கியது. அடுத்ததும் அடங்கியது. சுற்றி வந்து சேர்ந்தபோது ஒரு மடிப்பில்லை, ஒரு தையலில்லை, வெள்ளையாக, முழுசாக நின்றது. தையலே இல்லாத சட்டையை வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

நீலத்தை நீளநீளமாக நறுக்கி, ஒரு ஓரத்தை விரலால் நசுக்கி மெலிதாக்கிச் சுருக்கு வைத்தேன். அது நம்ம வேலை, தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தண்ணீர் தொட்டு ஒட்டினால் ஒட்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. காய்கிறவரை முட்டுக் கொடுக்க வேண்டும். பல்குச்சி வைத்து முட்டுக் கொடுங்கள் என்று கேக்கம்மா சொல்லியிருந்தார். பல்குச்சி வாங்க மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று யோசித்ததாகவே ஞாபகம் இல்லை. ஒன்று பிடித்தேன், நின்றது. அடுத்ததைப் பிடித்தேன். முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு. கேக் வைத்த ஸ்டூலைச் சுழற்றிச் சுழற்றி, நண்டின் நீல சட்டையை மனதில் வைத்து, பாட்டுக்கூட ஏதோ முனகியிருக்கிறேன். முடித்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தேன். மணி ஒன்று இருபது. அச்சு அசல் அவள் சட்டை.

அப்போதுதான் என் உதட்டுக்கிடையில் மூன்று குண்டூசி இருப்பது தெரிந்தது.

ஃப்ரில்லின் ஓரம் முழுக்க, வரிசையாக, சின்னச் சின்னத் தலைகள் மினுங்கின. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மடிப்பு நிற்கவில்லையென்றால் கை தானாக மணிக்கட்டில் கட்டிய ஊசிப் பஞ்சுக்குப் போகும், ஊசி எடுக்கும், குத்தும். புத்தியிடம் உத்தரவு கேட்காது. உலகத்தில் வேறெந்த மடையனும் குழந்தையின் கேக்கில் குண்டூசி குத்தமாட்டான். டெய்லர் குத்துவான்.

ஒவ்வொன்றாக உருவினேன். பயத்தில் எத்தனை என்று எண்ணாமல் உருவிவிட்டேன். டப்பாவில் போட்டு, பஞ்சில் இருந்ததையும் வாயில் இருந்ததையும் சேர்த்து எண்ணினேன். முப்பத்தொன்பது. அவசரத்தில் தப்பாக எண்ணிவிட்டோம் என்று மேசையில் கொட்டி, நாலு நாலாகப் பிரித்து வைத்தேன். ஒன்பது குவியல், ஒரு மூன்று. முப்பத்தொன்பது. காலையில் நாற்பது இருந்தது. சத்தியமாக இருந்தது.

பஞ்சைப் பிய்த்துப் பார்த்தேன். சட்டையைக் கழற்றி உதறினேன். நாக்கால் வாய்க்குள் எல்லா இடத்திலும் தடவிப் பார்த்தேன், விழுங்கித் தொலைத்திருந்தால்கூட நல்லதுதான் என்று நினைத்தேன். கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தரை முழுக்க இழுத்தேன், மிஷினுக்கு அடியில், மேசைக்காலைச் சுற்றி, வாசல் மிதியடிக்குக் கீழே. கேக்கின் பக்கத்தில் காந்தத்தைப் பிடித்துச் சுற்றி வந்தேன். சின்னக் காந்தம், சர்க்கரைக்குள் இருப்பதை இழுக்கும் அளவுக்கு அதற்குப் பலம் இல்லை. ஃப்ரில்லை விரலால் அழுத்தி அழுத்தித் தடவினேன். மேலே பொருக்குத் தட்டிவிட்டது, உள்ளே இன்னும் மெத்தென்று இருந்தது. அழுத்தினால் நொறுங்குகிறது. பிய்த்தால் வெள்ளையும் சேர்ந்து பிய்ந்துவிடும். நீலத்தில் கையில் மிச்சம் கடுகளவுதான். மணி இரண்டேகால்.

தரையில் இழுத்த காந்தத்தை மறுபடி பார்த்தேன். இரண்டு கொக்கி, ஒரு பிரஸ் பட்டன், கொஞ்சம் இரும்புத் தூசு, ஒரு குண்டூசி. குண்டூசி. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மங்கி, கழுத்தில் லேசாகத் துரு ஏறி இருந்தது. என் நாற்பதும் ஒரே டப்பாவில் வாங்கியவை, பளபளவென்று இருக்கும். இது எந்தக் காலத்திலோ விழுந்தது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை டப்பாவில் போட்டேன். மறுபடி எண்ணினேன். நாற்பது. மூடியை அழுத்தி மூடினேன். எண்ணிக்கை சரியாகிவிட்டதல்லவா, பிறகு என்ன என்று யாரோ எனக்குள்ளேயே என்னைக் கேட்டார்கள்.

போன் அடித்தது. கேக்கம்மா.

"என்ன டெய்லர், எப்படி வந்திருக்கு?"

"நல்லா வந்திருக்குங்க. மூணாவது தடவையில."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? எதாவது சொதப்பலா? சொல்லுங்க, சரி பண்ணிடலாம்."

"ஒன்னுமில்லைங்க" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு வழவழப்பாக வருகிறது என்று பாருங்கள். அவரிடம் சொல்லியிருந்தால் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றிருப்பார். அதனால்தான் சொல்லவில்லை. கோட்டு வைத்துக் கொடுக்கிற பெரிய அட்டைப் பெட்டியில் கேக்கை இறக்கி, கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டேன். தலைக்கு மேலே வெள்ளம் போனவனுக்குத்தான் நிறைய திட்டம் தோன்றும். கேக்கை நானே வெட்டுவேன். ஃப்ரில் முழுக்க அப்பாவுக்கு என்று சொல்லி மொத்தமாகப் பிய்த்து எடுத்துக்கொள்வேன், சிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் வெட்டும்போது கத்தியில் தட்டுப்படுகிறதா பார்த்து, தட்டில் வைத்து, நானே எடுத்துக் கொடுப்பேன். மேலும், அது உள்ளே இருக்கிறது என்று யார் சொன்னது. பஞ்சிலிருந்து நழுவித் தெருவில் விழுந்திருக்கலாம். காலையிலேயே நான் தப்பாக எண்ணியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "பர்த்டே கேக்கா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பாத்துப் புடிங்க, நசுங்கிடப் போகுது" என்றார்.

மச்சான் வீட்டுக் கூடத்தில் வண்ணத் தாள் தொங்கவிட்டு, நடுவில் மேசை போட்டிருந்தார்கள். நண்டும், அவள் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். மச்சான் கதவைத் திறந்து, "வாங்க மாப்ள" என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் பெட்டியின் பக்கங்களை அவிழ்த்து இறக்கினேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். நண்டு கேக்கைப் பார்க்கவில்லை. கண்ணாடி போட்ட பெண்ணைத்தான் பார்த்தாள்.

"பாத்தியா? எங்கப்பா தெச்சது. தையலே தெரியாது பாரு."

என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கேக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். குனிந்து மூன்று அடுக்கையும் பார்த்தாள். துணிக்கடையில் துணி பார்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"நீங்களேவா பண்ணீங்க?"

"ம்."

"அப்படியே அவ சட்டை." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறதுன்னா எத்தன மணிக்கு வருவீங்க?"

"பத்து மணிக்கு."

"சரி. சாயந்தரம் ஆறுக்குள்ள கொண்டாந்து விட்டுடுங்க."

கிடைத்துவிட்டது. அவ்வளவுதான். காலி டம்ளரை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனேன். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பாள், ஏனென்றால் லேசாகச் சிரித்தாள். எட்டு மாதம் கழித்து அந்தச் சிரிப்பு. நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஏழு மெழுகுவத்தியையும் ஏற்றினார்கள். நான் கத்தியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"அப்பா, குடு. நான்தான் வெட்டுவேன்."

"அப்பா வெட்டித் தர்றேன் கண்ணு. ஃப்ரில் உடைஞ்சிடும்."

"மாப்ள, அவ பர்த்டே, அவ வெட்டட்டும்" என்று மச்சான் என் கையிலிருந்து கத்தியை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டார்.

ஊதி அணைத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். கத்தியை நடுவில் இறக்கி, விரலில் ஒட்டிய க்ரீமை நக்கினாள். நான் மேசையை நெருங்கி, "ஃப்ரில்லெல்லாம் அப்பாவுக்கு" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவள் கத்தியை வைத்துவிட்டு, கீழ் அடுக்கிலிருந்து ஒரு பெரிய நீலத் துண்டை உடைத்தாள். எனக்குத் தரவில்லை. கண்ணாடிப் பெண்ணிடம் நீட்டினாள்.

"பொய்யின்னு சொன்ன இல்ல. இந்தா, தின்னு பாரு."

அந்தப் பெண் அதை வாங்கி, வாயைத் திறந்தாள்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். மெதுவாக இல்லை, பலமாக. நீலத் துண்டு தரையில் விழுந்து சில்லுச் சில்லாக உடைந்து நாலா பக்கமும் தெறித்தது. அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. கையைப் பார்த்தாள், அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

"யாரும் சாப்புடாதீங்க" என்றேன். "இதுல ஒரு குண்டூசி இருக்கு."

என் மனைவி முதலில் என்னைப் பார்க்கவில்லை. நண்டின் முன்னால் மண்டியிட்டு, "எதாவது வாயில போட்டியா?" என்றாள்.

"க்ரீம் நக்கினேன்."

"எதாவது குத்துச்சா?"

"இல்லம்மா."

வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்துக்குத் திருப்பி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். "சரி" என்றாள். பிள்ளை சொன்னதை நம்பினாள். பிறகு எழுந்து, "அண்ணா, இந்தப் பசங்கள வெளிய கூட்டிட்டுப் போ. யாராவது எதாவது தின்னாங்களான்னு ஒவ்வொருத்தரா கேளு" என்றாள். நண்டைத் தூக்கி சோபாவில் போட்டு, காலை மேலே வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

மச்சான் வாசலில் திரும்பி நின்றார். "மாப்ள, நீங்க கெளம்புங்க. இதுக்கு மேல என்னைப் பேச வைக்காதீங்க."

"இரு அண்ணா. தேடட்டும்" என்றாள் என் மனைவி. "அது எங்க இருக்குன்னு தெரியாம யாரும் போகக் கூடாது."

மேசையில் இருந்த கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு கையையும் உள்ளே விட்டு வெள்ளைச் சட்டையைக் கிழித்தாள். நான் தடவித் தடவி இறக்கிய இடம் முழுக்க ஒரே இழுப்பில் வந்தது. ஒரு பிடி எடுப்பாள், விரலிடுக்கில் பொடிப்பாள், தட்டில் உதிர்ப்பாள், அடுத்த பிடி. நான் எதிரில் நின்று மேல் அடுக்கு ஃப்ரில்லை எடுத்து நசுக்கினேன். அவள் நிமிரவில்லை.

"எப்ப தெரியும்?"

"ஒன்றரை மணிக்கு."

"தெரிஞ்சுதான் கொண்டாந்தீங்களா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமைக்காகவா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் பொடித்தாள். உள்ளங்கையில் இருந்ததை மூன்று தடவை உற்றுப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். "போன தடவ உண்ம வெளிய வர மூணு நாளாச்சு" என்றாள். வைகிறாளா, வேறேதாவது சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. கேட்கத் துணிவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது என்பது மட்டும் தெரிந்தது. ஃப்ரில்லில் எதுவும் இல்லை.

"கீழ விழுந்ததுல பாருங்க" என்றாள்.

நான் தரையில் குந்தி உட்கார்ந்தேன். சில்லெல்லாம் சோபா வரைக்கும் தெறித்திருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, விரலால் நசுக்கி, இல்லையென்று ஒதுக்கி வைத்துக்கொண்டே நகர்ந்தேன். கண் மங்கியது. துடைக்கக் கையில் சுத்தமான இடம் இல்லை, தோளில் துடைத்துக்கொண்டேன். நீலமும் வெள்ளையுமாக விரல் இடுக்கெல்லாம் அப்பிக் கிடந்தது. மேசை மேல் பாதிக் கேக் பொடியாகிவிட்டது, பாதி இன்னும் நின்றுகொண்டிருந்தது. வெளியே அந்தக் குழந்தைக்கு மச்சான் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கிப் பார்த்தபோது சோபாவில் நண்டு இல்லை.

வாசல் பக்கமிருந்து டப்டப்பென்று சத்தம் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். புதுச் சட்டையோடு சேர்த்து நெஞ்சில் எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். நான் வெளியே கழற்றிப் போட்ட என் செருப்பு. தெருப் புழுதியெல்லாம் சட்டையின் முன்பக்கத்தில் அப்பியிருந்தது.

"நண்டு, அங்கயே நில்லு" என்றாள் அவள் அம்மா.

"அப்பா வெறுங்காலோட இருக்காரும்மா."

நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் தரையைக் குனிந்து பார்த்து, சில்லு இல்லாத இடமாகத் தேடிக் காலை வைத்து, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்தாள். செருப்பைக் கீழே வைத்தாள், இடதும் வலதும் மாறி. நான் கையை நீட்டினேன், கை முழுக்கப் பிசுபிசுப்பு. அவள் அதைப் பார்த்துவிட்டு, என் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் கட்டைவிரலை வாருக்குள் தள்ளப் பார்த்தாள். மேசையில் என் மனைவியின் விரல்கள் கேக்குக்குள் அப்படியே நின்றிருந்தன. வார் இறுக்கமாக இருந்தது. நான் விரல்களைக் குறுக்கிக்கொண்டு, அவளுக்கு வாகாகக் காலை மெல்லத் தூக்கிக் கொடுத்தேன்.